மணற்பூனையும் படியளக்கும் பெருமானும்

மதுரைத் திருக்கோயிலில் மார்கழித் திங்கள் தேய்பிறை அட்டமி நாளன்று அம்மையும் அப்பனும் சப்பரத்தில் எழுந்தருளி வீதியுலா வருவர். செல்லும் வழியெல்லாம் அரிசி தூவப்படும். எறும்பு முதலாகிய எல்லா உயிர்க்கும் இறைவன் நாடோறும் உணவளித்துக் காக்கின்றான் என்னும் உண்மையை நினைவூட்டுதற்பொருட்டு நிகழ்வது இவ்விழா. சிந்திய அரிசியை அன்பர்கள் திரட்டி இல்லத்திற் கொண்டுபோய்ப் போற்றி வைத்தலும், 'படியளக்கும் பெருமான்' என்று வாயார வாழ்த்துதலும் இன்றும் உள்ள வழக்கமாம்.

சித்தாந்த வகுப்பொன்றில் இவ்விழாவினைக் குறித்துப் பேச்செழுந்தபோது மாணவர் ஒருவர் நம்மை நோக்கி ஒரு வினா விடுத்தார். "ஐயா, எறும்புக்கு அரிசி அளந்தான் என்பது இனிதே. ஆனால் பூனைக்கு அளக்கும் படி யாது? எலியின் உயிரன்றோ? ஓருயிரைக் கொன்று பிறிதோருயிர்க்கு ஊட்டுவதை அருள் என்று எங்ஙனம் கூறுவது?" என்பது அவ்வினா.

இஃது எளிதில் ஒதுக்கத்தக்க வினாவன்று. இறைவன் கருணையாளன் என்பதே சைவத்தின் உயிர்நிலை. அதனைத் தொடும் ஐயத்தை அச்சுறுத்தி அடக்குதல் ஆசிரியர்க்கு முறையாகாது. ஆகவே, பொதுவாகப் பேசி அமையாமல், ஊனுண்டே வாழும் ஒரு சிற்றுயிரை எடுத்துக்கொண்டு, அதன் வாழ்க்கையைக் கூர்ந்து நோக்கி, அதன்பின் நம் ஆசிரியர் கொள்கையை அதனோடு பொருத்திக் காண்போம். நாம் எடுத்துக்கொள்ளும் உயிர் மணற்பூனை என்பது.

நம் நூலார் கூறும் பாலை, முல்லையும் குறிஞ்சியும் வேனிலின் வெம்மையால் தம் இயல்பு திரிந்த நிலமாகும். மழை பெய்யின் அது மீண்டும் தளிர்க்கும். மணற்பூனை வாழும் நிலமோ அத்தகையதன்று. ஆப்பிரிக்காவின் வடபாற் பரந்த சகாராவும், அரபு நாட்டு மணற்பரப்பும், நடு ஆசியாவின் காரகும், கிசில்கும் என்னும் பாலைகளும் அதன் உறைவிடங்கள். சகாரா ஒன்றே ஏறத்தாழ 90 இலட்சம் சதுர கிலோமீட்டர் பரப்புடையது; அதன் பெரும்பகுதியில் ஆண்டு முழுவதும் பெய்யும் மழை 100 மில்லிமீட்டருக்குங் குறைவு. கோடைப் பகலில் நடு ஆசியப் பாலைகளின் மணல்மேற்பரப்பு 80 பாகை செல்சியசு வரை சுடும். மாரியிரவில் அதே நிலத்தின் குளிர் நீர் உறையும் நிலைக்குக் கீழே 25 பாகை வரை இறங்கும். இத்தகைய நிலத்தில் ஒரு பூனை வாழ்கின்றது என்று கேட்டால் நம்புதற்கு அரிதன்றோ?

இப்பூனையை 1858-ஆம் ஆண்டில் அல்சீரியாவின் சகாராப் பகுதியிலிருந்து முதன்முதல் நூன்முறையால் விவரித்து எழுதியவர் விக்தர் லோசு என்னும் பிரெஞ்சுப் படைவீரர். இது நம் வீட்டுப் பூனையினும் சிறியது. தலையும் உடலும் சேர்ந்து ஏறத்தாழ அரை மீட்டர் நீளம். எடை பெரும்பாலும் ஒன்றரை முதல் மூன்றரைக் கிலோவுக்குட்பட்டது. இனி இதன் உறுப்புக்களை ஒவ்வொன்றாக நோக்குவோம்.

முதலாவது, அடி. பூனையினத்திற் பெரும்பாலானவற்றின் உள்ளடி மயிரின்றி மெத்தென்றிருக்கும். மணற்பூனையின் உள்ளடியோ நீண்டு அடர்ந்த மயிரால் மூடப்பட்டுள்ளது. இம்மயிர் பகலில் சுடுமணலினின்றும், இரவில் உறைகுளிரினின்றும் அடியைக் காக்கின்றது. நெகிழ்ந்த மணலிற் கால் புதையாதபடி தாங்குகின்றது. அன்றியும், இது நடந்த சுவடும் மணலில் தெளிவாகப் பதிவதில்லை.

இரண்டாவது, நிறம். மணலின் வெளிறிய நிறமே இதன் நிறம். பகலில் வளையினுட் பதுங்கி, இரவிலே வெளிப்படும். இருளில் விளக்கொளி தன்மேற் படின், இது தரையோடு தரையாகப் படிந்து கண்ணை மூடிக்கொள்ளும். பிற விலங்கின் கண்கள் ஒளிபட்டு மின்னிக் காட்டிக்கொடுக்கும். இதன் கண்ணோ மூடியவுடன் பூனையும் மணலும் வேறென அறிய இயலாதாகும். அதனாலேயே இதன் வாழ்க்கை நெடுங்காலம் ஆராய்ச்சியாளர்க்கும் மறைபொருளாயிருந்தது. ஆப்பிரிக்கக் காட்டுநிலத்தில் இதன் குட்டிகளை முதன்முதல் படம்பிடித்தது 2017-ஆம் ஆண்டு ஏப்ரலில், மொராக்கோ நாட்டுச் சகாராவிலேயாம். பன்னாள் தேடியவர்க்கு ஓரிரவில் மூன்று குட்டிகளின் கண்கள் மின்னித் தோன்றின.

மூன்றாவது, நீர். இப்பூனை நீர் கிடைத்தாற் பருகும். கிடையாவிடினும் பன்னாள் வாடாது வாழும். அதற்கு வேண்டும் ஈரம் முழுவதும் அது தின்னும் இரையின் உடலினின்றே கிடைக்கின்றது. அவ்விரையாகிய பாலை எலி எவ்வாறு நீர் பெறுகின்றது? அதுவும் பெரும்பாலும் பருகுவதில்லை. உலர்ந்த விதைகளைத் தின்று, அவ்வுணவு உடலினுள்ளே எரிந்து மாறும்போது பிறக்கும் நீரைக்கொண்டே உயிர் வாழ்கின்றது. எனவே, என்றோ பெய்த ஒரு மழையில் முளைத்த புல்லின் விதை எலிக்கு நீராகி, எலி பூனைக்கு நீராகின்றது. கிணறும் குளமும் இல்லாத நிலத்தில் கண்ணுக்குப் புலனாகாத வாய்க்கால் ஒன்று ஓடுகின்றது என்று கூறலாம்.

நான்காவது, செவி. அகன்று தாழ்ந்து இருபுறமும் விரிந்த பெருஞ் செவிகள் இதற்குண்டு. செவிப்பறைக்குப் பின்னுள்ள எலும்புக் குமிழும் இதன் உடலளவுக்கு மிகப் பெரியது. 2002-இல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி, வீட்டுப் பூனையினும் ஏறத்தாழ 8 டெசிபல் நுட்பமாக இது ஒலியை ஏற்கும் என மதிப்பிட்டது. இரை அருகிய நிலத்தில், மணலின்கீழே எலி அசையும் மெல்லொலியையும் இது கேட்டறிந்து, அவ்விடத்தை அகழ்ந்து பற்றும். கொம்பு விரியன் முதலிய பாம்புகளையும் பல்லியினங்களையும் உண்ணும். உண்டு மிஞ்சியதை மணலிற் புதைத்து வைத்துப் பின்னர் வந்து உண்பதும் உண்டு.

ஏறத்தாழ இரண்டு திங்கள் கருச்சுமந்து, பெரும்பாலும் இரண்டு மூன்று குட்டிகளை வளையிலே ஈனும். பிறந்த குட்டி ஒரு கைப்பிடியுள் அடங்கும். அதன் கண் திறக்க இரண்டு கிழமை செல்லும்.

இவ்வளவும் கண்கூடாக அறியப்பட்ட செய்திகள். இவற்றை நம் ஆசிரியர் கொள்கையோடு பொருத்துவோம்.

இறைவன் உயிர்கட்குத் தருவன நான்கு: தனு, கரணம், புவனம், போகம். தனு என்பது உடம்பு. கரணம் என்பது அறிதற்கும் செய்தற்கும் உரிய கருவி. புவனம் என்பது வாழும் இடம். போகம் என்பது நுகர்பொருள். மணற்பூனையிடத்து இந்நான்கும் தம்முள் எத்துணைப் பொருத்தமாய் அமைந்துள்ளன என்பதைக் காண்க. புவனம் சுடுமணலாயின், அதற்கேற்பத் தனுவில் அடிமயிர் அமைந்தது. போகம் மணலின்கீழ் மறைந்திருப்பதாயின், அதற்கேற்பக் கரணத்தில் செவி அமைந்தது. நீரில்லாப் புவனமாயின், போகத்தினுள்ளேயே நீர் அமைந்தது. ஒன்று குறையினும் மற்றை மூன்றும் பயனிலவாம்.

இப்பொருத்தத்தைச் செய்தவர் யார்? உயிர் தானே செய்துகொண்டதெனின், ஆணவத்தால் அறிவு மறைப்புண்டு, அறிவித்தாலன்றி அறியாத உயிர், தனக்கு வேண்டும் உடம்பையும் இடத்தையும் தெரிந்து எடுத்துக்கொள்ள வல்லதன்று. இரண்டு கிழமை கண் திறவாத குட்டியே அதற்குச் சான்று. வினை செய்ததெனின், வினை சடம். கடன் எழுதிய ஏடு தானே எழுந்து சென்று கடனைத் தீர்ப்பதில்லை. மாயை செய்ததெனின், அதுவும் சடம். மண் தானே குடமாவதில்லை. ஆகவே உயிரையும் வினையையும் மாயையையும் ஒருங்கறிந்து, ஓருயிர்க்கு இவ்வுடம்பும் இவ்விடமும் இவ்வுணவும் பொருந்தும் எனக் கூட்டுவிக்கும் பேரறிவு ஒன்று உண்டென்பது பெறப்படும். அப்பேரறிவையே சிவமென்றும், அதன் கூட்டும் ஆற்றலைச் சத்தியென்றும், அச்சத்தி அருளேயென்றும் நம் ஆசிரியர் துணிந்தனர்.

கூட்டிவிட்டு நீங்குவதும் அன்று. செவி தானே கேளாது. உயிர் அதனொடு கூடிக் கேட்கின்றது. உயிரும் தானே கேளாது. இறைவன் உடன்நின்று அறிவிக்கவே அறிகின்றது. இவ்வாறு கருவிகளைக் கூட்டி அறிவிப்பதைக் காட்டும் உபகாரமென்றும், உடனின்று தானும் அறிந்து நிற்பதைக் காணும் உபகாரமென்றும் கூறுவர். நள்ளிரவில், மனிதர் காணாத மணற்குன்றில், ஒரு சிறு பூனை செவிசாய்த்து நிற்கும் அந்நொடியிலும் அவன் உடனிருக்கின்றான் என்பதே சித்தாந்தம்.

ஈண்டு ஒரு தடை எழும். 'அடிமயிர் மிக்க பூனைகள் பிழைத்தன, அல்லன மாண்டன, தலைமுறை பல கடந்து இவ்வுடம்பு உருவாயிற்று. சார்லசு தார்வின் 1859-இல் வெளியிட்ட நூல்முதல் உயிர்நூலார் இதனை விளக்கியுள்ளனரே! இறைவன் எதற்கு?' என்பர் சிலர்.

இதற்கு விடை கூறுவோம். உயிர்நூலார் கண்ட முறையை நாம் மறுக்க வேண்டுவதில்லை. உலகம் இன்மையினின்று திடீரெனத் தோன்றிற்று என்பது நம் கொள்கையன்று. மாயையென்னும் முதற்காரணம் ஒன்றினின்று ஒன்றாகப் படிமுறையால் விரியும் என்பதே நம் கொள்கை. ஆகவே உடம்பு படிப்படியாக உருவாயிற்று என்னும் செய்தி சைவனைத் திடுக்கிடச் செய்யாது. குயவன் சக்கரம் எவ்வாறு சுழல்கின்றது என்பதை ஒருவன் நுணுகி ஆராய்ந்து கூறினால், குயவன் இல்லையென்பது பெறப்படாது. சக்கரத்தின் இயல்பே பெறப்படும். எங்ஙனம் உருவாயிற்று என்பது உயிர்நூலாரின் வினா. யார்பொருட்டு உருவாயிற்று என்பது நம் வினா. இரண்டும் வேறு.

ஆயினும் நம்மவர்க்கும் ஒன்று கூறுதல் வேண்டும். பூனையின் அடிமயிரைக் காட்டி, 'இதோ இறைவன் உளன் என்பதற்கு முடிந்த சான்று' என்று வாதிடுதல் பொருந்தாது. இறைவன் உண்மைக்கு மெய்கண்டார் சிவஞானபோதத்தின் தொடக்கத்திற் காட்டிய ஏது, உலகம் தோன்றி நின்று ஒடுங்கும் இயல்புடையது என்பதாம். மணற்பூனை அவ்வுண்மையை ஒருவாறு கண்முன் நிறுத்தும் எடுத்துக்காட்டே. எடுத்துக்காட்டை ஏதுவாகக் கொண்டு மயங்கினால் பின்னர் இடர்ப்படுவோம்.

இனி மாணவர் வினாவுக்கு வருவோம். பூனைக்குப் படியளந்தவன் எலியைக் கைவிட்டானோ?

எலியின் தலையைப் பிளந்து நோக்கிய அறிஞர் கூறும் ஒரு செய்தி நம்மை வியப்பில் ஆழ்த்துகின்றது. பாலை எலிக்கும், பின்காலால் துள்ளிச் செல்லும் பாலைத் துள்ளெலிக்கும், செவியின் பின்னுள்ள அவ்வெலும்புக் குமிழ் உடலளவுக்கு மிகப் பெரியதாகவே அமைந்துள்ளது. பூனைக்கு எதனை அளித்தானோ, அதனையே எலிக்கும் அளித்தான். எலி அசைவதைப் பூனை கேட்கச் செவி தந்தான். பூனை அணுகுவதை எலி கேட்கவும் செவி தந்தான். மணலின் நிறத்தைப் பூனைக்கு ஆடையாக்கினான். எலிக்கும் அதே நிறத்தை ஆடையாக்கினான். நீரின்றி வாழும் வகையைப் பூனைக்கு அமைத்ததற்கு முன்னரே எலிக்கு அமைத்தான். வேண்டுதல் வேண்டாமை இல்லாதவன் என்று இறைவனை நாம் வாயாற் கூறுவது எளிது. இவ்விரு சிற்றுயிர்களின் செவியில் அதனைக் கண்ணாற் காண்கின்றோம். பூனை பாயும்தோறும் இரை அகப்படுவதில்லை. தப்பிய எலியும் அவன் படியையே உண்கின்றது.

அகப்பட்ட எலியின் நிலை யாது? உடம்பு அழிகின்றது, உயிர் அழிவதில்லை. ஒடுக்கம் என்னும் இறைவன் தொழில், பிறந்திறந்து உழலும் உயிரை இளைப்பாற்றுதற்பொருட்டு என்பது நம் நூற்றுணிபு. நுகரவேண்டிய வினையின் ஒரு பகுதி கழிந்து, வேறொரு தனுகரணத்தோடு அவ்வுயிர் மேற்செல்லும். இருளிற் செல்வார்க்கு விடியும்வரை விளக்கு உதவுதல்போல, மலம் பரிபாகமுறும்வரை உயிர்க்கு உடம்புகள் ஒன்றன்பின் ஒன்றாக உதவுகின்றன. பூனையுடம்பும் அத்தகைய விளக்கு; எலியுடம்பும் அத்தகைய விளக்கே. அவ்விரண்டனுள் எதுவும் முடிந்த இடமன்று. இதனையே அறக்கருணையோடு மறக்கருணையும் உண்டென்று பெரியோர் கூறினர்.

ஆயினும் இவ்விடத்து ஓர் எச்சரிக்கை இன்றியமையாதது. எலி படும் துன்பம் பொய்யன்று. அதனைத் துன்பமன்று எனக் கூறுதல் சித்தாந்தமாகாது. 'அஃது அதன் வினை' என்று சொல்லிவிட்டு முகந்திருப்பிக்கொள்ளுதலும் சித்தாந்தமாகாது. வினையென்பது இறைவன் நடுவுநிலையை உணர்தற்குக் கூறப்பட்டதேயன்றி, நம் நெஞ்சைக் கல்லாக்கிக்கொள்ளுதற்குக் கூறப்பட்டதன்று. பிறவுயிரின் துன்பம் கண்டு இரங்கும் இரக்கமும் அவன் நமக்கு அளந்த படியேயாம். அவ்விரக்கத்தோடு வினவியமையாலேயே அம்மாணவரின் வினா நமக்கு மதிப்புடையதாயிற்று.

இதனின்று நமக்குரிய ஒழுக்கம் யாதென்பதும் விளங்கும். மணற்பூனைக்கு ஊனன்றி உணவில்லை. விதையும் புல்லும் தின்று அதன் உடல் நிலைபெறாது. நன்று இது, தீது இது எனப் பகுத்தறியும் கருவியும் அதற்கு அளிக்கப்படவில்லை. விலங்குடம்பு பெரும்பான்மையும் வினையை நுகர்தற்கு உரியது. ஆகவே அது கொல்லுதலைக் கண்டு அதனைக் கொடியதெனப் பழித்தல் அறியாமை. நமக்கோ நெல்லும் பருப்பும் காயும் கனியும் அளக்கப்பட்டுள்ளன; அதற்குமேல் பகுத்தறிவும் அளக்கப்பட்டுள்ளது. பூனை கொல்கின்றதே, நாம் கொன்றாலென்ன என்று கேட்பவன், பூனைக்குக் கொடாது தனக்குக் கொடுத்ததைப் பயன்படுத்தாதவனாவான். பூனைக்கு ஊணாவது நமக்குக் குற்றமாவது இதனாலேதான்.

இன்னும் ஒன்று. பாலையின் வெம்மையும் வறட்சியும் மணற்பூனையை அழிக்கவில்லை. மனிதன் செயலோ அதற்கு இடர் விளைக்கின்றது. மேய்ச்சலாலும் குடியேற்றத்தாலும் அதன் நிலம் கெடுகின்றது. மனிதரோடு சென்ற நாய்களும் வீட்டுப் பூனைகளும் அதற்குப் பகையாகின்றன, நோய்களையும் பரப்புகின்றன. அதன் அழகிய முகத்தைக் கண்டு மயங்கிக் கூட்டிலடைத்து வளர்க்க விரும்புவார்க்கு விற்றற்பொருட்டு அதனைப் பிடிப்பாரும் உளர். பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2016-இல் அதனை உடனடியாக அழியும் நிலையில் உள்ளதன்று என வகுத்தது நமக்கு ஆறுதலே. ஆயினும் சித்தாந்தம் கற்றவர்க்கு எண்ணிக்கை மட்டும் அளவாகாது. புவனத்தினின்று தனுவைப் பிரித்துக் கூட்டிலடைப்பவன், இறைவன் ஒருங்கு கூட்டிய நான்கினைத் தன் விளையாட்டின்பொருட்டுச் சிதைக்கின்றான். அஃது அழகை விரும்புதலாயினும் அன்பாகாது.

இதுகாறும் கூறியவற்றாற் பெறப்பட்டன:

1. தனு, கரணம், புவனம், போகம் என்னும் நான்கும் ஓருயிர்க்குப் பொருந்தக் கூட்டப்படுதலே இறைவன் காப்பு. அஃது இன்பம் மட்டும் தருதல் என்று கொள்ளற்க.

2. உடம்பு உருவாகும் முறையை உயிர்நூல் விளக்கும். அது கூட்டுவிப்பானை மறுத்தல் ஆகாது.

3. உண்ணும் உயிர்க்கும் உண்ணப்படும் உயிர்க்கும் இறைவன் அருள் ஒருதன்மைத்து. நுகர்ச்சி வேறுபாடு வினையால் வந்தது.

4. வினைக்கொள்கை இரக்கத்தை அறுப்பதன்று, வளர்ப்பது. பகுத்தறிவு பெற்ற நமக்குக் கொல்லாமையும் பிறவுயிரோம்பலும் கடமைகள்.

அடுத்த மார்கழி அட்டமியில் வீதியில் தூவிய அரிசியைக் காணும்போது, எறும்பை மட்டும் நினைந்து அமையாமல், நாம் காணாத தொலைநாட்டு மணலில், சுவடும் பதியாமல் நடந்து செல்லும் அச்சிறு பூனையையும், அதன் காலடி கேட்டு வளைக்குள் ஒடுங்கும் எலியையும் நினைவோமாக. அவ்விரண்டினையும் ஒருசேரத் தாங்கும் திருவருள் நம்மையும் தாங்குகின்றது.

திருச்சிற்றம்பலம்.